பித்தம் அல்ல, குடல் அடைப்பு

வாந்தி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் நம் வீடுகளில் அதற்கு ஒரு பெயர் தயாராக இருக்கிறது: பித்த வாந்தி. பெயர் வைத்தாகிவிட்டால் வைத்தியமும் தானாக வந்துவிடும். இஞ்சிச் சாறு, எலுமிச்சம்பழம், சீரகத் தண்ணீர், கூடவே ஒரு வேளைப் பட்டினி. முக்கால்வாசி நேரம் இதுவே போதும். வெறும் வயிற்றில் திரும்பத் திரும்பக் குமட்டினால் யாருக்குமே கடைசியில் பித்தநீர்தான் வெளியே வரும். அது தானே நின்றும் விடும்.

அதே நிறத்தில், அதே பெயரோடு, வேறொரு நோயும் வருகிறது என்பதுதான் சிக்கல். இதில் கோளாறு பித்தத்தில் இல்லை. குடல் எங்கோ அடைபட்டிருக்கிறது. கீழே போக வழியில்லாத பித்தநீர் மேலே வருகிறது. இஞ்சிச் சாற்றுக்கு அடங்காத இந்த வாந்தியோடு இரண்டு நாள், மூன்று நாள் வீட்டிலேயே கிடந்துவிட்டு, கண் குழி விழுந்து, நாக்கு வறண்டு, நாடி ஓட்டம் பிடித்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களை எந்த அறுவை சிகிச்சைப் பிரிவிலும் பார்க்கலாம். அவர்களில் பலருக்கு முதல் நாளே வந்திருந்தால் ஒரு குழாயும் சலைன் பாட்டிலும் போதுமாக இருந்திருக்கும்.

"ரெண்டு நாளா பச்சைத் தண்ணிகூட இறங்கலை. அப்புறம் எங்கேயிருந்து இவ்வளவு வருது?" என்று கேட்காத உறவினர் இல்லை. நியாயமான கேள்வி. சாப்பிட்டது மட்டும்தான் குடலில் இருக்கிறது என்ற நினைப்பிலிருந்து பிறப்பது. உண்மையில் குடலுக்குள் அதிகமாகக் கொட்டுவது உடலேதான். எச்சில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர், இரைப்பை நீர் சுமார் 2 லிட்டர், அதற்கு மேல் பித்தநீர், கணைய நீர், சிறுகுடலே சுரக்கும் நீர். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 7 லிட்டர். குடிக்கிற, சாப்பிடுகிற தண்ணீர் இன்னொரு 2 லிட்டர். இந்த 9 லிட்டரில் மலத்தோடு வெளியேறுவது 100, 200 மில்லி லிட்டர்தான். மீதியைக் குடல் திரும்ப உறிஞ்சி ரத்தத்தில் சேர்த்துவிடுகிறது.

அடைப்பு விழுந்ததும் இந்தக் கணக்கு கவிழ்ந்துபோகிறது. அடைப்புக்கு மேலே உள்ள குடல் உப்புகிறது. உப்பிய குடல் உறிஞ்சுவதை விட்டுவிட்டு இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. ஒரு வாய்கூடச் சாப்பிடாதவருக்கும் லிட்டர் கணக்கில் நீர் தேங்கி வாய்வழியே வருகிறது. வெளியே வந்தது பாதி என்றால், குடலுக்குள்ளேயே நின்றுபோனது மீதி. இரண்டுமே ரத்தத்திலிருந்து போனதுதான். சோடியம், பொட்டாசியம் எல்லாம் அதோடு போகின்றன. சிறுநீர் குறைகிறது, கை கால் ஓய்கிறது. மூன்றாம் நாள் வரும் நோயாளியின் சிறுநீரகம் தடுமாறத் தொடங்கியிருந்தால் ஆச்சரியமில்லை.

வாந்தி எப்போது ஆரம்பித்தது, என்ன நிறம் என்பதை வைத்தே அடைப்பு எங்கே என்று டாக்டர்கள் ஓரளவு ஊகிக்கிறார்கள். இரைப்பையின் வாசலிலேயே அடைப்பு என்றால், சில மணி நேரத்துக்கு முன் (சில சமயம் முதல் நாள்) சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே வரும். அதில் பித்தம் கலந்திருக்காது, ஏனென்றால் பித்தக்குழாய் திறப்பது அதற்குக் கீழே. சிறுகுடலின் மேல்பகுதியில் அடைப்பு என்றால் வாந்தி சீக்கிரமே ஆரம்பித்து, குடம் குடமாக, பச்சையாக வரும். ஆனால் வயிறு அவ்வளவாக உப்பாது. சிறுகுடலின் கடைசிப் பகுதி என்றால் முதலில் வயிறு வீங்கும். வாந்தி தாமதமாக வரும். முதலில் உணவு, பிறகு பச்சை, கடைசியில் பழுப்பு நிறத்தில் மல வாடையோடு. பலர் நினைப்பதுபோல அது மலம் அல்ல. தேங்கிய நீரில் கிருமிகள் பெருகி உண்டாக்கிய நாற்றம். ஆனால் அந்த வாடை வந்துவிட்டதென்றால் அடைப்பு நேற்று இன்று ஏற்பட்டதல்ல என்று அர்த்தம்.

பெருங்குடல் அடைப்பில் வாந்தி மிகவும் தாமதமாக வரும். வராமலும் போகலாம். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் உள்ள வால்வு இறுக்கமாக இருப்பவர்களுக்கு எதுவும் பின்னோக்கி வர வழியில்லை. "வாந்தியே இல்லையே, வெறும் மலச்சிக்கல்தான்" என்ற ஆறுதல் இவர்களிடம் செல்லாது. அவர்களுடைய பெருங்குடல் இரண்டு பக்கமும் கட்டிய பலூனைப்போல உப்பிக்கொண்டே போகும். அதன் தொடக்கப் பகுதி 9 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்துவிட்டதாக எக்ஸ்ரே காட்டினால், கிழிந்துவிடுமோ என்று டாக்டர்கள் கவலைப்படத் தொடங்குகிறார்கள்.

சாதாரண வயிற்றுக் கோளாறிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது என்ன? முதலாவது, வலி. கெட்டுப்போன சாப்பாட்டில் பெரும்பாலும் முதலில் வாந்தி, பிறகு வலி. கூடவோ பின்னாலோ பேதி. அடைப்பில் வலிதான் முதலில் வருகிறது. தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிழிந்து, உச்சத்துக்குப் போய், சில நிமிடம் விட்டு, மறுபடி முறுக்கும். அலை அலையாக வரும் வலி அது. வலி உச்சத்தில் இருக்கும்போது வயிற்றுக்குள் கடமுடவென்று சத்தம் கேட்கும். ஒல்லியானவர்களுக்குக் குடல் நெளிவது வெளியிலேயே தெரியும். இரண்டாவது, கீழ்ப்பக்கம் ஓய்ந்துபோவது. மலம் மட்டுமல்ல, காற்றும் பிரியாது. மலச்சிக்கல் பாதி இந்தியாவுக்கு இருக்கிறது. ஆனால் சாதாரண மலச்சிக்கலில் காற்று பிரியும். காற்றுகூடப் பிரியவில்லை என்றால்தான் விஷயம் வேறு.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. அடைப்பு விழுந்த நேரத்தில் அதற்குக் கீழே ஏற்கெனவே இருந்த மலம் ஒரு தடவை, இரண்டு தடவை வந்துவிடலாம். முழுதாக அடைபடாமல் பாதி அடைபட்ட குடலிலிருந்து தண்ணீராகக்கூடப் போகலாம். "காலையில் வெளிக்குப் போனாரே" என்ற பதிலைக் கேட்டு, சாதாரண வயிற்றுப்போக்கு என்று மாத்திரை கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் உண்டு. நாற்பதைத் தாண்டியவரின் வாந்திக்கு மாரடைப்பு, கட்டுப்பாடு இழந்த சர்க்கரை நோய், கணைய அழற்சி, சிறுநீரகக் கல் என்று வேறு காரணங்களும் இருப்பதால், வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல், ஒரு இ.சி.ஜி.யும் சர்க்கரை அளவும் பார்க்காமல், வாந்தியை மட்டும் நிறுத்துவது எந்த வகையிலும் வைத்தியம் ஆகாது.

குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்வது, புழுக்கள் பந்தாகத் திரள்வது போன்ற காரணங்கள் அதிகம். நடுத்தர வயதின் விசேஷம் வேறு. அந்த வயிற்றுக்கு ஒரு பூர்வ கதை இருக்கிறது. முதல் அத்தியாயம் பழைய ஆபரேஷன். அப்பெண்டிக்ஸ், சிசேரியன், கர்ப்பப்பை அகற்றல், எதுவானாலும் வயிற்றைத் திறந்து மூடிய பிறகு உள்ளே குடலோடு குடல், குடலோடு வயிற்றுச் சுவர் ஒட்டிக்கொள்ளும் நார்கள் உருவாகலாம். பெரும்பாலோருக்கு அவை ஒரு தொந்தரவும் தருவதில்லை. சிலருக்கு இருபது வருஷம் கழித்து ஒரு நாள் அந்த நாரில் குடல் மடங்கிச் சிக்கிக்கொள்கிறது. மேலைநாடுகளில் சிறுகுடல் அடைப்புகளில் பாதிக்கு மேல் இந்த ஒட்டுதலால்தான். ஆபரேஷன்கள் பெருகப் பெருக இந்தியாவும் அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. "முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கா?" என்று டாக்டர் கேட்டால் "இல்லை" என்று சொல்லும் பல பெண்களின் தொப்புளுக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு இருக்கும். குடும்பக் கட்டுப்பாட்டை யாரும் ஆபரேஷன் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் குடலிறக்கம். ஹெர்னியா. இதில் நோயைவிடப் பெரிய எதிரி வெட்கம். இந்த வெட்கத்துக்கு நாடு, அந்தஸ்து எதுவும் கிடையாது என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஓர் அரச சாட்சி இருக்கிறது.

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜின் மனைவி கரோலின். கணவர் வெளிநாடு போன காலங்களில் ஆட்சியையே கவனித்துக்கொண்ட, அரசியல் தெரிந்த பெண்மணி. 1724-ல் கடைசிக் குழந்தை பிறந்தபோது அவருக்குத் தொப்புளில் குடலிறக்கம் ஏற்பட்டது. அதைப் பதின்மூன்று வருஷம் மறைத்தார். கணவருக்குத் தெரியும், மற்றபடி அநேகமாக யாருக்கும் தெரியாது. 1737 நவம்பர் 9-ஆம் தேதி, 54-வது வயதில், லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் அவருக்குக் கடும் வயிற்று வலியும் வாந்தியும் ஆரம்பித்தன. சூலை என்று நினைத்த வைத்தியர்கள் புதினாத் தண்ணீரும் சாராயம் கலந்த கஷாயங்களும் கொடுத்தார்கள். உள்ளே போன எல்லாமே வெளியே வந்தது. ரத்தத்தை வடித்தார்கள். கட்டிலில் கிடந்தவரோ அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. சில நாள் போன பிறகு, பொறுக்க முடியாமல் மன்னர்தான் ரகசியத்தை உடைத்தார். அரண்மனை அறுவை வைத்தியர் ஜான் ரான்பி பார்த்தபோது காலம் கடந்திருந்தது. மயக்க மருந்து இல்லாத காலம். கத்தி வைத்தும் பயனில்லை. நவம்பர் 17-ல் குடல் வெடித்தது. 20-ஆம் தேதி இரவு கரோலின் இறந்தார். அந்தக் கடைசிக் குழந்தை லூயிசா, பின்னாளில் டென்மார்க் அரசியாகி, 1751-ல் தன் 27-வது வயதில் இதே குடலிறக்க நோயில் இறந்தது இன்னொரு சோகம்.

அன்றைய அறுவை சிகிச்சையில் கரோலின் முதல் நாளே சொல்லியிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்பது சந்தேகம்தான். இன்றைக்கு அந்தச் சந்தேகம் கிடையாது. இன்று இது வழக்கமான ஆபரேஷன். அடைப்பு வருவதற்கு முன்பே வலை வைத்துச் சரிசெய்தால் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். ஆனாலும் மறைப்பது நிற்கவில்லை. பிரசவங்களுக்குப் பின் தொப்புள் பக்கத்தில் புடைத்த கட்டியைச் சேலைக் கொசுவத்துக்குள் வைத்துக்கொண்டு பல வருஷம் ஓட்டுகிறார்கள். ஆண்கள் கவட்டிப் பக்கம் இறங்குவதை விரைவீக்கம் என்று சொல்லிக்கொண்டு பெல்ட் கட்டிச் சமாளிக்கிறார்கள். படுத்தால் உள்ளே போகும், நின்றால் வெளியே வரும், வலி கிடையாது. அதுவரை சரி. ஒரு நாள் உள்ளே போக மறுத்து, கல்லாகி, வலித்து, வாந்தியும் வந்தால் அது நள்ளிரவானாலும் காத்திருக்கக் கூடாத நேரம். தொடை இடுக்கில் வரும் ஒரு வகைக் குடலிறக்கம் பெண்களுக்கே அதிகம். நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். பருமனான பெண்ணுக்கு அது இருப்பதே தெரியாது. இறுகிக்கொள்வதில் மிகவும் மோசமானதும் அதுதான். வாந்தி என்று வருகிற எவருக்கும் இரண்டு கவட்டிகளையும் பார்க்காமல் விடாதே என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நெரிசலான புறநோயாளிப் பிரிவில், ஸ்டூலில் உட்காரவைத்துச் சீட்டு எழுதும்போது அது நடப்பதில்லை. நோயாளியே வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு.

மூன்றாவது, மேலைநாட்டுப் புத்தகங்களில் ஓரத்தில் இருப்பதும் இங்கே நடுவில் இருப்பதுமான குடல் காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர். காசநோய்க்கு இருமல் கட்டாயமில்லை. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடம் அந்தக் கிருமிக்குப் பிடித்தமான இடம். அங்கே புண்ணாகி, ஆறி, சுருங்கி, குடல் பென்சில் அளவுக்குக் குறுகிப்போகிறது. இவர்களுக்கு அடைப்பு ஒரே நாளில் வருவதில்லை. மாதக்கணக்கில் முன்னறிவிப்பு கொடுக்கிறது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வலி. வயிற்றில் ஏதோ பந்து உருண்டு ஓடுவதுபோல ஓர் உணர்வு. ஒரு வாந்தி எடுத்ததும் நிம்மதி. சாயங்காலக் காய்ச்சல். வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைப்பதால் எடை இறங்கும். இத்தனையும் 'அல்சர்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும், அமில மாத்திரை பட்டை பட்டையாக உள்ளே போகும். கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் ஆறு மாத மருந்துதான். அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. தழும்பாகிக் குறுகிவிட்ட இடத்தை மட்டும் மருந்து விரிக்காது. அதற்குக் கத்தி வேண்டியிருக்கலாம்.

பெருங்குடல் புற்றுநோயை வயதானவர்களின் நோய் என்று ஒதுக்கவும் முடியாது. இந்தியாவில் மேலைநாடுகளைவிடக் குறைவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறவர்களுக்குச் சின்ன வயதிலேயே வருகிறது. மாதக்கணக்கில் மாறிப்போன மலப் பழக்கம், மூலம் என்று எண்ணி அலட்சியப்படுத்திய ரத்தம், அப்புறம் ஒரு நாள் முழு அடைப்பு. பெருங்குடலின் கீழ்ப்பகுதி நீண்டு தொங்கி, தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும் அடைப்பும் இங்கே மேலைநாடுகளைவிட அதிகம். திடீரென்று வயிறு ஒரு பக்கமாக மத்தளம் போல் உப்பும். இதை ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பிரித்துவிட முடியும். ஆனால் திரும்ப முறுக்கிக்கொள்ளும் என்பதால் அந்தப் பகுதியைப் பின்னர் அகற்றிவிடுவதே வழக்கம்.

எந்தக் காரணமானாலும் டாக்டர்கள் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: குடலுக்குப் போகும் ரத்தம் நின்றுபோவது. வெறும் அடைப்பு நேரம் கொடுக்கும். ரத்தம் நின்ற குடல் சில மணி நேரத்தில் கறுத்து அழுகத் தொடங்கும். அலை அலையாக வந்த வலி விட்டு விடாமல் ஒரே சீராகக் குத்தத் தொடங்குவது, காய்ச்சல், நாடித் துடிப்பு எகிறுவது, தொட்டால் வயிறு மரம்போல் இறுகுவது இதன் அறிகுறிகள். சில சமயம் நேர்மாறாக, துடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகிவிடுவார். வீட்டில் விபூதி பூசித் தூங்கவைப்பார்கள். குடல் ஓய்ந்துபோய்விட்டது என்பதே அந்த அமைதிக்கு அர்த்தமாக இருக்கலாம்.

ஆகவே சந்தேகம் வந்த நேரத்திலிருந்து வாய்வழியாக எதுவும் வேண்டாம். பேதி மருந்தும் விளக்கெண்ணெயும் அறவே கூடாது. மூடிய கதவை நோக்கிக் கூட்டத்தைத் தள்ளிவிடுகிற காரியம் அது. வாந்தியை நிறுத்த மருந்துக் கடைகளில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் சில மாத்திரைகள் குடலை வேகமாக இயங்கச் செய்பவை. அடைப்பில் அவை வலியைக் கூட்டும், ஆபத்தையும் கூட்டும். வயிற்றுப்போக்கில் உயிர் காக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல்கூட இங்கே உதவாது. உறிஞ்ச வேண்டிய குடல் வேலைநிறுத்தத்தில் இருக்கும்போது அந்த டம்ளர் தண்ணீரும் தேங்கியதோடு சேர்ந்துகொள்ளும். நீர் நரம்பு வழியாகத்தான் ஏற வேண்டும். பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில் படுக்கை இருக்கிறதா என்பதைவிட, இரவிலும் சர்ஜனும் மயக்க மருந்து நிபுணரும் கிடைப்பார்களா என்று விசாரித்துப் போவது நல்லது. இரண்டாவது ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதில் வீணாகும் ஆறு மணி நேரம் சில சமயம் குடலின் ஆயுளையே முடித்துவிடுகிறது.

ஆஸ்பத்திரி என்றால் உடனே ஆபரேஷன் என்று அர்த்தமில்லை. முதல் வேலை, மூக்கு வழியாக இரைப்பைக்குள் ஒரு குழாய் விடுவது. நர்ஸுகள் 'ரைல்ஸ் டியூப்' என்று சொல்வார்கள். ஜான் ரைல் என்ற பிரிட்டிஷ் டாக்டரின் பெயர். 1930-களில் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழக சர்ஜன் ஓவன் வாங்கன்ஸ்டீன் இப்படிக் குழாய் வைத்துத் தொடர்ந்து உறிஞ்சி எடுத்தே பல அடைப்புகளைக் கத்தியில்லாமல் தீர்க்க முடியும் என்று காட்டினார். குடல் அடைப்பில் சாவு குறைந்ததற்கு இந்த எளிய குழாயும் நரம்பு வழி நீரும் பெரும் காரணங்கள். பையில் பச்சைத் தண்ணீர் ஒன்றரை லிட்டர் இறங்கியதும் வாந்தியும் உப்புசமும் தணியும். எக்ஸ்ரேயில் காற்றும் நீரும் படிப்படியாக நிற்பது தெரியும். அடைப்பின் இடத்தையும் காரணத்தையும், ரத்த ஓட்டத்தின் நிலைமையையும் சி.டி. ஸ்கேன் இன்னும் துல்லியமாகச் சொல்லும்.

பழைய ஆபரேஷனின் ஒட்டுதலால் வந்த அடைப்பு, ரத்த ஓட்டம் கெடவில்லை என்று உறுதியானால், காத்திருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு மருந்தைக் குழாய் வழியாகச் செலுத்தி, 24 மணி நேரத்துக்குள் அது பெருங்குடலைத் தொட்டுவிட்டதா என்று பார்ப்பார்கள். தொட்டுவிட்டால் அநேகமாக ஆபரேஷன் தேவையில்லை. இரண்டு மூன்று நாளிலும் திறக்காத அடைப்பு, உள்ளே போக மறுக்கும் குடலிறக்கம், ரத்தம் நின்றுபோன குடல் ஆகியவற்றுக்குக் கத்திதான். இதில் கடைசி இரண்டுக்கும் காத்திருப்பு என்ற பேச்சே கிடையாது.

நோயாளியோடு இருப்பவருக்கு மிகவும் சங்கடமான நேரம் இந்தக் காத்திருப்புதான். தாகம் தாகம் என்று கேட்பவருக்கு ஒரு வாய் தண்ணீர் தராமல் இருக்க மனசு வராது. ஈரத் துணியால் உதட்டை நனைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். காலையில் ரவுண்டு வரும் சர்ஜன் ஸ்கேனைப் பற்றிப் பேசுவதற்கு முன் படுக்கை ஓரத்தில் நின்று கேட்பார்: "காத்து பிரிஞ்சுதா?" வெட்கப்படாமல் பதில் சொல்லலாம். மூக்குக் குழாயை எடுப்பதும் முதல் கரண்டிக் கஞ்சி கொடுப்பதும் அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது.